வார்த்தைக்கு ஒரு அடி

"நாட்வித்ஸ்டாண்டிங்" என்று அஞ்சுகம் நோட்டைப் பார்த்து எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

குஞ்சிதபாதம் கண்ணை மூடினான், திறந்தான், கூரையைப் பார்த்தான். "நிக்கக்கூடாது" என்றான். தப்பு. 'இருந்தபோதிலும்' என்று நோட்டில் இருந்தது. அவள் அதைச் சொன்னதும் அவன் வலது கையை நீட்டினான். அவள் பிரம்பால் உள்ளங்கையில் ஒன்று வைத்தாள். ஈ ஓட்டுகிற மாதிரி ஒரு அடி.

"இதுக்குப் பேரு அடியா? சோறு திங்கலியா நீ? தலைக்குள்ள ஏறணும்டி. ஓங்கிப் போடு!"

அவள் ஓங்கிப் போட்டாள்.

காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறி ஒரு மாதம் ஆகியிருந்தது. பதினேழு வருஷம் பிரெஞ்சில் எழுதிச் சோறு தின்ற குமாஸ்தா, ஒரே நாளில் எழுதப் படிக்கத் தெரியாதவனாகிவிட்டான். புதிதாக வந்த அதிகாரி வாயைத் திறந்தால் இங்கிலீஷ். சித்திரையில் முதல் திங்கட்கிழமை பரீட்சை, தேறாதவன் வீட்டுக்குப் போகலாம் என்று உத்தரவு வந்துவிட்டது. வீட்டுக்குப் போய் என்ன செய்வது? சொந்த ஊர் நெடுங்காட்டில் அவனுக்கு ஒரு குழி நிலம்கூடக் கிடையாது. ஏர் பிடிக்கவும் தெரியாது, வலை இழுக்கவும் தெரியாது.

தலத்தெருவில் இரண்டு வீடு தள்ளி இருந்த மதார் சாகிப், பினாங்கில் இருபது வருஷம் கடை வைத்து இங்கிலீஷ் பழகியவர். அவர்தான் வார்த்தைகளைச் சொன்னார். 'ஷன்' என்று முடிகிற நெடிய வார்த்தைகள் பிரெஞ்சிலும் உண்டு, அவை குஞ்சிதபாதத்துக்குப் பழக்கம். பிரெஞ்சில் இல்லாத வார்த்தைகள்தான் உயிரை வாங்கின. ஆகவே ஒரே எழுத்துகள் உள்ளே இருக்கிற வார்த்தைகளாகப் பார்த்து, கூட்டம் கூட்டமாகப் பிரித்துக்கொண்டான். 'வித்' இருப்பவை ஒரு பக்கம்: வித்ஹோல்டிங், கொடுக்காமல் நிறுத்திவைப்பது, ஃபோர்த்வித், உடனடியாக, வித் இம்மீடியட் எஃபெக்ட், இந்த நிமிஷத்திலிருந்து. 'அன்டர்' இருப்பவை ஒரு பக்கம். 'லெஸ்னெஸ்' என்று முடிபவை ஒரு பக்கம்: கேர்லெஸ்னெஸ், கவனக்குறைவு, ரூத்லெஸ்னெஸ், ஈவிரக்கமின்மை, டிஃபென்ஸ்லெஸ்னெஸ், தற்காத்துக்கொள்ள வழியில்லாமை. எல்லாம் சேர்த்து முந்நூற்றுப் பன்னிரண்டு. பெண்டாட்டி அஞ்சுகத்துக்குத் தமிழ்தான் வாசிக்கத் தெரியும் என்பதால் உச்சரிப்பையும் அர்த்தத்தையும் தமிழில் எழுதி அவளிடம் கொடுத்தான். கூடவே பிரம்பையும் கொடுத்தான்.

அதற்கும் ஒரு கதை உண்டு. சின்ன வயதில் பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் தப்புக்கு ஒரு பிரம்படி என்று கணக்கு வைத்துத்தான் அவனுக்குப் பிரெஞ்சை ஏற்றினார். வலது கையைத்தான் நீட்டவேண்டும். இடது கையை நீட்டினால் மரியாதையில்லை என்று கூட இரண்டு விழும். அடியாத மாடு படியாது என்று அன்றைக்கு அவன் மனதில் பதிந்தது பதிந்ததுதான். அடி வாங்காமல் படித்த எதுவும் தன் மண்டையில் தங்காது என்று சாமி மேல் சத்தியம் செய்வான்.

பெண்டாட்டி விஷயத்திலும் அதே பாடத்திட்டம்தான். பதினோரு வருஷமாக அதே பிரம்பு. சோறு குழைந்தால் அடி, விறைத்தால் அடி, கொல்லைக் கதவு திறந்திருந்தால் அடி. ஒருமுறை அறைந்த அறையில் அவளுக்கு இடது காது கேட்காமலே போனது. இத்தனை அடித்து அவளுக்கு அவன் என்னதான் படித்துக் கொடுத்தான் என்று கேட்டால் அவனுக்கே பதில் தெரிந்திருக்காது.

முதல் பத்து நாள் அவள் கண்ணை மூடிக்கொண்டு அடித்தாள். அப்புறம் மூடவில்லை. சாயங்காலம் அவன் ஆபீசிலிருந்து வந்து சட்டையைக் கழற்றியதும் அவளே நோட்டை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். தப்பான பதிலுக்காகக் காத்திருந்தாள். அது வந்ததும் கால் பெருவிரலை ஊன்றிக்கொண்டு அடித்தாள். அடுப்படியில் வாங்கிய அடிக்கு ஒன்று, காதுக்கு ஒன்று. அவளுக்கு அது பிடித்திருந்தது. வெளியே சொன்னால் வெட்கக்கேடுதான், ஆனாலும் பிடித்திருந்தது. இன்னொன்றும் இருந்தது. தை பிறந்ததிலிருந்து அவள் மேல் ஒரு அடி விழவில்லை. கை அப்படி வீங்கிக் கிடந்தால் எப்படி விழும்? சோறு பிசைய முடியாமல் அவன் கஞ்சியைத் தம்ளரில் வாங்கி இடது கையால் குடித்தான்.

இதில் ஒரு வேடிக்கை. ஒரு அடியும் வாங்காமலே அவளுக்கு முந்நூற்றுப் பன்னிரண்டும் மாசிக்குள் மனப்பாடம் ஆகிவிட்டது. இதை அவனிடம் சொல்லவில்லை.

பங்குனியில் ஒருநாள் மதார் சாகிப் வாசலில் அவனைப் பிடித்துக்கொண்டார். "யா அல்லா! என்ன பிள்ளை, இது கையா, கருவாடா?"

"படிப்பு பாய்" என்று குஞ்சிதபாதம் பெருமையாகச் சிரித்தான்.

"பரீட்சை வாயால சொல்றதா, எழுதுறதா?"

"எழுதுறதுதான்."

"எந்தக் கையால எழுதுவீங்க?"

"சட்டியில இருந்தாத்தானே பாய் அகப்பையில வரும்? மொதல்ல உள்ள ஏறட்டும். எழுத்தெல்லாம் தானா வந்துரும்."

பாய் உள்ளே நின்ற அஞ்சுகத்தைப் பார்த்தார். "நீங்களாச்சும் சொல்லக்கூடாதாம்மா?" என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் கையால் பேனா பிடிக்க முடியாமல் போகும் என்பது அவளுக்குப் பாய் சொல்லும் முன்பே தெரியும். வேலை போனால் அவளுக்கும் சேர்த்துத்தான் பட்டினி, அதுவும் தெரியும். அன்றைக்குச் சாயங்காலம் ஏழு தப்பு. ஏழையும் அவள் விடவில்லை. மறுநாளிலிருந்து தப்பு குறைந்தது, கை கொஞ்சம் வற்றியது. பேனாவைப் பிடித்துக் கையெழுத்துப் போட்டுப் பார்த்துக்கொண்டான்.

பரீட்சைக்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், முந்நூற்றுப் பன்னிரண்டையும் வரிசையாகக் கேட்டாள். வித்ஸ்டாண்ட் என்றால் தாங்கி நிற்பது. அன்டர்டேக்கிங் என்றால் உறுதிமொழி. ரூத்லெஸ்னெஸ் என்றால் ஈவிரக்கமின்மை. அவன் ஒன்றில்கூடத் தடுமாறவில்லை. அவள் வேண்டுமென்றே பக்கம் மாற்றிக் கேட்டாள். அப்போதும் தடுமாறவில்லை. கடைசி வார்த்தை முடிந்ததும் அவன் முகம் எண்ணெய் தேய்த்துக் குளித்தவன் முகம் மாதிரி மலர்ந்துவிட்டது.

"பாத்தியா? நான் சொன்னேன்ல? அடிமேல அடி அடிச்சா அம்மியும் நகரும்." வலது கையை நீட்டினான். "அதக் குடு இங்க. இனிமே ஒனக்கு அதுல வேலை இல்ல. இத்தனை நாள் ஆசை தீரப் போட்டியே, எல்லாத்துக்கும் சேத்து வட்டியோட வாங்கப்போற."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். விளையாட்டாகக்கூட இருக்கலாம்.

அவள் அடித்தாள். உள்ளங்கை இல்லை, பிரம்பைப் பிடிக்க மடங்கிய விரல்களின் மேல். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது அடியில் சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. ஆள்காட்டி விரல் ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டது. நகக்கண்ணிலிருந்து ரத்தம் வேட்டியில் சொட்டியது.

அவன் பாய்ந்து வந்து குரல்வளையைப் பிடிப்பான் என்று அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அவன் நகரவில்லை. கையை மார்போடு அணைத்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு அவளைப் பார்த்தான்.

"எந்த வார்த்தை தப்பு?" என்று கேட்டான்.

"எதுவும் தப்பில்ல."

"அப்புறம் எதுக்கு அடிச்ச?"

பதினோரு வருஷத்தில் அவள் இதே கேள்வியை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். குழைந்த சோற்றுக்கும் விறைத்த சோற்றுக்கும் நடுவில் தன் தப்பு எது என்று பானையைக் கிளறிக் கிளறித் தேடியிருக்கிறாள். அவன் முகத்தில் இப்போது இருந்தது அந்தத் தேடல்தான். அதைப் பார்க்க அவளுக்குக் குளிரக் குளிர சந்தோஷமாக இருந்திருக்கவேண்டும். இல்லை. அவள் பிரம்பைச் சுவரோரம் போட்டாள்.

"தெரியல" என்றாள்.

மறுநாள் காலையில் கை அவித்த சேப்பங்கிழங்கு மாதிரி இருந்தது. பேனாவை எடுத்தான், விழுந்தது. எடுத்தான், விழுந்தது. மூன்றாம் தடவை குனியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "எல்லாம் உள்ள இருக்கு அஞ்சுகம். ஒண்ணு விடாம இருக்கு" என்று சொல்லி அழுதான். வாசலில் மாட்டுவண்டிக்காரன் நேரமாச்சு என்று குரல் கொடுத்தான்.

அவள் பழைய வேட்டியிலிருந்து ஒரு முழம் கிழித்தாள். கீழே கிடந்த பேனாவை எடுத்துத் துடைத்தாள். "எந்திரிங்க. கையக் குடுங்க" என்றாள்.

அவன் எழுந்து வலது கையை உயர்த்தினான்.

அவள் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு சுவரோரமாகச் சுருண்டாள். துணியும் பேனாவும் கீழே விழுந்தன. அவளை அறியாமல் உடம்பு செய்த காரியம் அது.

கை அந்தரத்தில் அப்படியே நின்றது. அவன் அதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். இறக்குவதா வேண்டாமா என்று தெரியாதவன் மாதிரி நின்றான்.

"கட்டத்தான்" என்றான் மெதுவாக.

அவள் விரல் இடுக்கு வழியாகப் பார்த்தாள். பிறகு எழுந்து, இரண்டையும் பொறுக்கிக்கொண்டு வந்து, ஒடிந்த விரலோடு பேனாவைச் சேர்த்து வைத்துத் துணியைச் சுற்ற ஆரம்பித்தாள். நிப்பிலிருந்து மை கசிந்து, சுற்றச் சுற்ற வெள்ளைத் துணியில் நீலமாகப் படர்ந்துகொண்டே வந்தது. "இன்னும் இறுக்கு" என்றான் அவன். அவள் பல்லால் ஒரு முனையைக் கடித்துக்கொண்டு மறுமுனையை இழுத்தாள்.