பெற்றுக்கொள்பவர்

ஏசி மெக்கானிக்குக்கு வயிறு எரிய ஆரம்பித்து ஒரு வருஷமாகிறது. பிரிந்துபோன மனைவி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரனைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து எரிகிறது. அவள் போனதுகூடப் பரவாயில்லை. லீவுக்கு அவளிடம் போய்வரும் ஏழு வயது மகள் வாயைத் திறந்தால் "கண்ணாடி மாமா" புராணம்தான். பெற்ற அப்பனுக்குத் தெரியாத பார்வைக் குறையைக் கண்டுபிடித்து, சிவப்பு ஃபிரேமில் கண்ணாடி வேறு போட்டு அனுப்பியிருந்தான் அந்த மகானுபாவன். தினமும் மகள் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவன் முகத்தில் விழித்த மாதிரி இருந்தது.

இந்தக் கோடையில் வேலை தலைக்கு மேல். மகளை அம்மா இருக்கும் ஊருக்கு விமானத்தில் தனியாக அனுப்ப வேண்டியதாயிற்று. கவுண்டர்ப் பெண் பிறப்புச் சான்றிதழையும் பள்ளி அடையாள அட்டையையும் பார்த்துவிட்டு ஒரு படிவத்தை நீட்டினாள்.

"அங்க யார் கூட்டிட்டுப் போவாங்களோ அவங்க பேரை எழுதுங்க சார். அவங்க அடையாள அட்டையைக் காட்டினாத்தான் குழந்தையை ஒப்படைப்பாங்க. வேற யாருக்கும் தரமாட்டாங்க."

நர்ஸ் வேலை பார்க்கும் முன்னாள் மனைவி முந்தின நாளே போனில் சொல்லியிருந்தாள்: "எனக்கு டூட்டி. அவர்தான் வருவாரு. ரெண்டு பேர் பேரையும் எழுதிடுங்க." மெக்கானிக் அவள் பெயரை மட்டும் எழுதினான். என் பிள்ளையை வாங்கிக்கொள்ள அவன் யார்? டூட்டியை விட்டுவிட்டு அவளே வரட்டும்.

"பாப்பா, கண்ணாடியைக் கழட்டும்மா. போட்டோல கண்ணாடி இல்லையே" என்றாள் கவுண்டர்ப் பெண்.

அவனே ஆசையாகக் கழற்றிவிட்டான். அட, இதுதான் என் மகள்! சரிபார்த்து முடித்த பிறகும் கண்ணாடி அவன் சட்டைப்பையிலேயே இருந்தது. மறதி என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

சீருடைப் பெண் ஒருத்தி மகளின் கையைப் பிடித்து அழைத்துப் போனாள். சோதனை வாசலில் மகள் திரும்பிச் சிரித்துக் கையசைத்தாள். அப்பாவுக்கு இல்லை. நாலு ஆள் தள்ளி, அவனைப் போலவே நீலச் சட்டையில் நின்ற யாரோ ஒருவனுக்கு. மெக்கானிக் பதறிப்போய்க் கூப்பிட்டான். அதற்குள் அவள் உள்ளே போய்விட்டாள்.

சாயங்காலம் ஒரு வீட்டில் ஏசியைப் பிரித்துப் போட்டிருந்தபோது போன் வந்தது.

"விமான நிலையத்திலேர்ந்து பேசறோம் சார். படிவத்துல இல்லாத ஒருத்தர் வந்திருக்காரு. தடுப்புக்கு வெளியே நிக்கறாரு. அம்மா ஆபரேஷன் தியேட்டர்ல இருக்காங்களாம், போனை எடுக்கல. குழந்தையைக் கேட்டா, அவர் யாருன்னே தெரியலேங்குது."

தெரியவில்லையாம்! அந்த ஒரு நொடி அவனுக்கு நெஞ்சு குளிர்ந்தது. அதை மறைப்பானேன்? பிறகு மகளின் குரல் வந்தது.

"அப்பா, எல்லாரும் மங்கலா தெரியறாங்க. எனக்குப் பயமா இருக்கு. நீங்க வாங்கப்பா."

கெடுவான் கேடு நினைப்பான் என்பார்கள். இவன் நினைத்த கேடு நேராகப் போய்ப் பிள்ளை தலையில் விழுந்திருந்தது. பையிலிருந்த கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தான்.

"அவர்கிட்ட ஒப்படைக்கச் சம்மதம்னா பேரும் உறவும் சொல்லுங்க சார். அட்டையோட ஒத்துப் பாத்துக்கறோம். மெசேஜ்லயும் அனுப்பிடுங்க."

ஒரு வருஷமாக அவன் வாயில் வராத பெயரைச் சொன்னான்.

"உறவு?"

"அவ அம்மாவோட வீட்டுக்காரர். தாராளமா அனுப்புங்க." கண்ணாடியை வெளியே எடுத்தான். "அவர்கிட்ட ஒண்ணு சொல்லணும். பாப்பா கண்ணாடி என்கிட்டயே இருக்கு. அவளுக்கு உடனே புதுசா ஒண்ணு போட்டுத் தரச் சொல்லுங்க."

"சரி சார். வேற ஏதாவது?"

"சிவப்பு ஃபிரேம். அதுதான் அவளுக்குப் பிடிக்கும்."