நடந்தால் நிற்கும் தாளம்

2019ஆம் ஆண்டு ஜூன் மாதம் எட்டாம் தேதி, சனிக்கிழமை மாலை, எங்கள் வீட்டுக் கார் கொட்டகையில் இசைக்குழு கூடியது. உறுப்பினர் மூவர்: கிட்டார் வாசிக்கும் என் தம்பி மகள், கீபோர்டு வாசிக்கும், எதிர்வீட்டுப் பல் மருத்துவரின் மகன், டிரம்ஸ் வாசிக்கும் இடி. இடி என்பது இவர்கள் வைத்த பெயர். அவன் தன் தாய்மாமனின் பேண்டு குழுவில் சீருடையணிந்து, ஊர்வலங்களிலும் கடைத் திறப்புகளிலும் வாசிப்பவன். வரவிருந்த கல்லூரி மேடைக்கு அவனை நீக்கிவிட்டு, மருத்துவர் மகன் கொண்டுவந்திருந்த தாள இயந்திரத்தை வைத்துக்கொள்வதா என்பதே அன்றைய பேச்சு.

குற்றச்சாட்டில் பொய்யில்லை. பாட்டு பாதியை எட்டுமுன் அவன் தாளம் ஓட்டம் பிடித்துவிடும்.

"ஆரம்பிக்கிறப்ப பஸ்ஸு, முடிக்கிறப்ப ஆம்புலன்ஸு" என்றான் மருத்துவர் மகன்.

"நீ மட்டும் என்ன, பல்லு புடுங்குற மாதிரிதானே வாசிக்கிற?" என்றான் இடி.

"தெருவுக்கு இது போதும்டா. மேடைக்குப் போதாது."

இடி குச்சிகளைப் பையில் திணித்தான். முடிவு மறுநாள் மாலைக்குத் தள்ளிவைக்கப்பட்டது. செருப்புகளை வரிசையாக விடும்படி நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். அவனுடையவை மட்டுமே நேராக இருந்தன.

மறுநாள் காலை நானும் தம்பி மகளும் காய்கறி வாங்கச் சென்றபோது, கடைவீதியில் புதிய மருந்துக்கடை ஒன்றின் திறப்பு. சரிகை தைத்த சிவப்புச் சட்டையில், பெரிய டிரம்மைத் தோளில் மாட்டிக்கொண்டு, இடி முன்வரிசையில் நடந்துவந்தான். தெருக்கோடியிலிருந்து தாளம் இம்மியும் பிசகவில்லை. கடை வாசலில் குழு நின்றது. தாளம் ஓடத் தொடங்கியது. அவன் மாமா டிரம்பெட்டை வாயிலிருந்து எடுத்தார்.

"டேய், நடந்தா நிக்கிற, நின்னா ஓடுற. காலை எடுத்து வைடா கழுதை."

இடி நின்ற இடத்திலேயே கால் மாற்றி மாற்றி நடந்தான். தாளம் அடங்கியது.

தம்பி மகள் காய்கறிப் பையை என் கையில் கொடுத்துவிட்டுக் கூட்டத்துக்குள் நுழைந்தாள். அவளைக் கண்டதும் அவன் தொப்பியைக் கண் வரை இறக்கிக்கொண்டான். வாசித்து முடியும்வரை அவள் நகரவில்லை.

"தொப்பிய ஏத்து. சாயங்காலம் உக்காராம வாசி. இந்த டிரம்மையே கொண்டா."

"இது மாமாவோடது."

"மாமாவும்தான் வர்றேன்" என்றார் அவர். "டிரம்பெட்டு இல்லாம அது என்னம்மா பேண்டு?"

மாலையில் சிவப்புச் சட்டையோடே வந்த இடி, நின்ற இடத்தில் நடந்தபடி இரண்டு பாட்டு வாசித்தான்; தாளம் ஓடவில்லை. மருத்துவர் மகன் அவனிடம் கேட்டான்:

"அந்தச் சிவப்புச் சட்டை என் அளவுல கிடைக்குமாடா?"

"கிடைக்கும். ஆனா தெருவுல போடுறது, பரவாயில்லயா?"

"கொடுடா, ரொம்பத்தான்."

முடிவானவை இவை. இடி குழுவில் நீடிப்பான். நின்ற இடத்தில் நடந்தபடி வாசிப்பான். தாள இயந்திரம் பெட்டிக்குத் திரும்பும். கல்லூரி மேடையில் மூவரும் சிவப்புச் சட்டை அணிவார்கள். மாமா ஒரே ஒரு பாட்டுக்கு டிரம்பெட் வாசிப்பார். இடிக்குக் கால் வீச இடம் தேவைப்படுவதால், பயிற்சி முடியும்வரை என் கார் தெருவில் நிற்கும். செருப்புகள் வரிசையாகவே விடப்படும்.