ஒரே கொலையைத் திரும்பத் திரும்பப் பார்த்த வாரம்

1

என்னிடம் கேட்கப்பட்டது கதை இல்லை, கட்டுரை. விருதுகளை அள்ளிக்கொண்டு போன ஒரு துப்பறியும் தொலைக்காட்சித் தொடரை ஏன் மறுபடி மறுபடி பார்க்கலாம் என்று எழுதித் தரும்படி ஒரு பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார். "ஜாலியா இருக்கணும் சார்" என்றார். தொடரை இரண்டு முறை பார்த்தேன். இரண்டாம் முறை பாதியில் தூங்கிவிட்டேன். எழுந்து உட்கார்ந்து இப்படி ஆரம்பித்தேன்:

'நல்ல குற்றப்புனைவு என்பது வெங்காயம் போன்றது, உரிக்க உரிக்க...'

என்னாலேயே தாங்க முடியவில்லை. பேனாவை மூடிவிட்டு சேலம் ரயிலைப் பிடிக்கச் சின்னசேலம் ஸ்டேஷனுக்குப் போனேன். வழக்கம்போல ரயில் தாமதம். டீக்கடையில் பழனியைப் பிடித்தேன். இன்று மைக்செட்டும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிறார். அந்தக் காலத்தில் டிவியும், வீடியோ கேசட் ஓட்டும் டெக்கும் வாடகைக்கு விட்டவர். என் சங்கடத்தைச் சொன்னேன். சிரித்தார்.

"கொலக் கதய மறுபடி மறுபடி பாக்கறதப் பத்தி எங்கிட்ட கேளுங்க சார். ஒரு வாரம் அதத்தான் பாத்துக்கினு கெடந்தோம்."

கட்டுரை அந்த டீயோடு செத்தது. இனி வருவது கதை. பழனி சொன்னது பாதி. மீதியை நான் இட்டுக்கட்டுகிறேன். எது எந்தப் பாதி என்று கேட்காதீர்கள்.

2

தொடக்கம் ஒன்று: 'எண்பத்தேழாம் வருடச் செப்டம்பரில் கல்வராயன் மலை மேல் கருமேகங்கள் சூல்கொண்டு...' வேண்டாம். மேகத்துக்கு இந்தக் கதையில் வேலை இல்லை.

தொடக்கம் இரண்டு: 'சாலையோரப் புளியமரங்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. இடஒதுக்கீடு கேட்டு...'

இங்கே நிறுத்துகிறேன். அந்த வாரம் தென்னார்க்காட்டில் சாலை மறித்த ஆட்கள் போலீஸால் சுடப்பட்டுச் செத்தார்கள். கேட்டவர்களின் கோரிக்கை நியாயம் என்று நினைப்பவன் நான். அதே வாரம் அந்தக் கோரிக்கைக்குச் சம்பந்தமே இல்லாத குடிசைகளும் எரிந்தன என்பதும் எனக்குத் தெரியும். அதை எழுத வேறு மனநிலை வேண்டும். நான் எழுதப்போவது அந்த வாரத்தின் ஒரே ஒரு கூடத்தைப் பற்றி மட்டும். ஆனால் வாசலுக்கு வெளியே அந்த வாரம்தான் நடந்துகொண்டிருந்தது. அதை மறந்துவிடாமல் சிரியுங்கள்.

தொடக்கம் மூன்று: பழனி பெட்டியைத் திறந்தார்.

இது போதும்.

3

பழனி பெட்டியைத் திறந்தார். வடக்கனந்தலில் நாராயணசாமி வீட்டுப் பேரனுக்குக் காதுகுத்து. கரும்பும் நெல்லுமாக வசதியான வீடு. விசேஷத்துக்கு டிவியும் டெக்கும் வரவழைத்து நாலு தமிழ்ப் படம் போட்டால்தான் அப்போது மரியாதை. காது குத்தியாயிற்று, சாப்பாடும் ஆயிற்று. அதற்குள் ஊருக்கு இரண்டு பக்கமும் சாலையில் மரங்களை வெட்டிப் போட்டுவிட்டார்கள். வந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் வீட்டோடு மாட்டிக்கொண்டார்கள். பழனியும்தான்.

பெட்டியில் தமிழ்ப் படம் எதுவும் இல்லை. சேலத்து மொத்தக் கடையில் பெட்டி மாறிப்போயிருந்தது. கேசட் உறைகளின் மேல் இந்தி எழுத்து. போட்டுப் பார்த்தால் மழை, பெரிய பங்களா, ஊஞ்சலில் ஒரு பிணம், சிரிக்கவே சிரிக்காத ஒரு இன்ஸ்பெக்டர்.

"இன்னாடா இது, பாட்டே காணோம்?" என்றார் நாராயணசாமி.

"பொட்டி மாறிப்போச்சிங்க. டில்லில எடுத்த தொடராட்டம் கீது. ரொம்பப் பேரு வாங்குனதுன்னு கடைக்காரரு சொல்லிக்கினு இருந்தாரு."

"போய் மாத்திக்கினு வா."

"எப்பிடிங்க போறது? ரோட்டுல மரம் படுத்துக்கினு கீதுங்களே."

(தொடரின் பெயரைக் கேட்டேன். உறையைப் படிக்கத் தெரிந்தவர் யாரும் அங்கே இல்லை என்றார் பழனி. ஆகவே இந்தக் கதையில் தொடருக்குப் பெயர் கிடையாது.*)

* அந்தக் கலவர வாரத்தில் கரண்ட் மட்டும் எப்படி இருந்தது என்றும் கேட்பீர்கள். நானும் கேட்டேன். "இருந்திச்சி சார்" என்றார். கதைக்குக் கரண்ட் வேண்டும், நானும் விட்டுவிட்டேன்.

4

முனியன் வருகிறார்.

முதல் வரைவில் 'வருகிறான்' என்று எழுதியிருந்தேன். நாராயணசாமிக்குத் தானாகவே 'அவர்' போட்ட என் பேனா, அவருடைய நிலத்தில் கூலி வேலை செய்யும் முனியனுக்குத் தானாகவே 'அவன்' போட்டிருந்தது. பேனாவும் ஊர்க்காரன்தான் போலிருக்கிறது. மாற்றிவிட்டேன்.

முனியன் பம்பாயில் ஒரு தோல் கிடங்கில் சில காலம் மூட்டை தூக்கிவிட்டு ஊர் திரும்பியவர். ஏர் மாடு மக்கர் பண்ணினால் இந்தியில் திட்டுவார். அது போதுமே! காலனிக்கு ஆள் அனுப்பிக் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

அவருடைய இந்தி எவ்வளவு? தூக்கு, வை, சீக்கிரம், தண்ணீர், யார், எவ்வளவு. அதற்கப்புறம் அச்சில் ஏற்ற முடியாத சில. இதை வைத்துக்கொண்டு கொலை வழக்கைத் துப்பறிய முடியாது. 'தெரியாதுங்க' என்று சொல்லித் தொலைத்திருக்கலாமே என்கிறீர்களா? அத்தனை பெரிய வீடு முழுவதும் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பது வாழ்க்கையில் முதல் தடவை என்றால் நீங்களும் சொல்லியிருக்கமாட்டீர்கள்.

முதலில் ஜன்னலுக்கு வெளியே நிற்கவைத்தார்கள். அந்த வீட்டில் புறக்கடைதான் அவருக்கு எல்லை, கூடத்துக்குள் வந்ததில்லை. ஆனால் வெளிச்சம் விழாமலிருக்க ஜன்னலில் சாக்கு கட்டியிருந்தது. படம் தெரியாமல் "இப்ப இன்னா பண்றாங்க? யாரு வந்தது?" என்று அவர் வெளியிலிருந்து கேட்க, உள்ளே இருந்தவர்கள் அவருக்குக் கதை சொல்ல வேண்டியதாகிவிட்டது. அப்புறம் நிலைப்படியில் நிற்கவைத்தார்கள். முன்னால் உட்கார்ந்திருந்தவர்களின் தலை மறைத்தது. கடைசியில் நாராயணசாமியின் மனைவி ஆண்டாளம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது.

"அந்த ஸ்டூல எடுத்து டிவி பக்கத்துல போடுங்க. அவன் நின்னுக்கினே எவ்ளோ நேரம் சொல்லுவான்?"

முனியன் உட்கார்ந்தார். அந்த வீட்டில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் முறை. நாராயணசாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் செத்தவன் யார் என்று தெரிந்துகொள்ள அவருக்கும் ஆசை. உங்களுக்கு ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன்: இந்தக் கதையில் முனியனுக்கு வேண்டியது அந்த ஸ்டூல்தான். பொய் வெளிப்பட்டால் ஸ்டூல் போய்விடும். அதோடு நின்றால் அதிர்ஷ்டம்.

5

முதல் நாள் அவர் வாய்க்கு வந்ததைச் சொன்னார். செத்தவன் மில் முதலாளி, ஒல்லியாக இருப்பவன் மச்சான், வெள்ளைச் சட்டை டாக்டர், மூலையில் நிற்பவர் பழைய வேலைக்காரர். கொன்றது மச்சான். கடைசிக் கேசட்டில் யாரையும் விலங்கு போட்டு இழுத்துப் போகவில்லை, இன்ஸ்பெக்டர் பேசிப் பேசியே முடித்துவிட்டதால் மறுக்க ஆளில்லை. கூடம் திருப்தியாகக் கலைந்தது.

மறுநாளும் மரங்கள் அப்படியே கிடந்தன. பொழுது போக வேண்டாமா? மறுபடி போட்டார்கள். அங்கேதான் முனியனுக்கு வியர்த்தது. நேற்று தான் சொன்னது அவருக்கு மறந்துபோயிருந்தது, கேட்டவர்களுக்கு மறக்கவில்லை.

"நேத்து இவன மச்சான்னு சொன்ன. இன்னிக்கி கணக்குப்புள்ளன்ற?" என்றார் கொளஞ்சியம்மாள். தியாகதுருகத்திலிருந்து வந்து மாட்டிக்கொண்ட அத்தை.

"மச்சான்தாங்க. கணக்கும் அவுருதான் பாக்கறாரு."

எல்லோரும், அந்த வீட்டுக் கணக்கைப் பார்த்துவந்த நாராயணசாமியின் மைத்துனர் பக்கம் திரும்பிச் சிரித்தார்கள். மைத்துனர் சிரிக்கவில்லை. முனியன் தப்பித்தார்.

தப்பித்தவர் அதன் பிறகுதான் படத்தை நிஜமாகப் பார்க்க ஆரம்பித்தார். மொழி கைவிட்டுவிட்டதால் கண்ணை மட்டுமே நம்ப வேண்டியிருந்தது. யார் யாரைப் பார்த்துக் கதவைச் சாத்துகிறார்கள், யார் கை நடுங்குகிறது, எல்லாம். அவருக்குத் துணையாக இன்னொரு ஜோடிக் கண்ணும் இருந்தது. மனைவி செவ்வந்தி புறக்கடையில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மாட்டுக்குப் புல் அறுக்கும்போது வரப்பில் வைத்து முனியனைப் பிடித்துக்கொண்டார்.

"யோவ், அந்த வெள்ளச் சட்ட டாக்டரு மழையில கொடையோட வரான். போம்போது கொடை இல்ல, நனஞ்சிக்கினே போறான். நீ இன்னாத்தப் பாத்த?"

"மறந்து வச்சிட்டுப் போயிருப்பான்."

"கொட்டற மழையில எவன்யா கொடைய மறப்பான்? அவன்தான் கொன்னவன்."

அடுத்த முறை முனியன் கூடத்தில் குடைப் பேச்சை எடுத்துவிட்டார். கூடம் அதிர்ந்தது. பழனி நாடாவைப் பின்னால் ஓட்டிக் காட்டினார். குடை இருந்தது, குடை இல்லை. மச்சான் விடுதலையாகி டாக்டர் மாட்டினார். அன்றிலிருந்து வீட்டில் இருந்தவர்களும் ஆளுக்கொன்றைக் கண்டுபிடித்தார்கள். "அழறவ மூக்கு செவக்கவே இல்ல பாரு" என்று கொளஞ்சியம்மாள் விதவையின் மேல் பாய்ந்தார். டம்ளரை எண்ணினார்கள். செருப்பைப் பார்த்தார்கள். கதை முனியனுடையது என்ற நிலை போய் கூடத்தினுடையதாக ஆகிவிட்டது.

(ஆசிரியருக்கு: நீங்கள் கேட்ட கட்டுரை இந்த அடைப்புக்குறிக்குள் இருக்கிறது. முதல் முறை கொலைகாரனைத் தேடுவதிலேயே நேரம் போய்விடுகிறது. அவன் கிடைத்த பிறகுதான் மற்றவர்களைப் பார்க்க நமக்குப் பொழுது கிடைக்கிறது. இதற்குமேல் எனக்குத் தெரியாது.)

6

ஆண்டாளம்மாள் பாத்திரத்தில் எனக்குச் சந்தேகம். இரண்டாம் நாளே அவருக்கு முனியனின் பொய் தெரிந்திருக்கும் என்று தோன்றுகிறது. தெரிந்தும் ஏன் சும்மா இருந்தார்? நல்ல மனசு என்று எழுதினால் அவரை எனக்கே பிடிக்காமல் போகிறது. கதை நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, அதைக் கெடுக்க மனமில்லை என்று வைத்துக்கொள்கிறேன். நல்ல மனசைவிட அது நம்பும்படி இருக்கிறது.

பூமாலையைப் பற்றிச் சந்தேகமே இல்லை. வீட்டின் கடைசி மகன். (இவனுக்கு மட்டும் 'அவன்'. கல்யாணம் ஆகாத பையன், கோபித்துக்கொள்ளமாட்டான்.) காலையில் போய்ச் சாலை மறிக்க மரம் வெட்டுவான், சட்டையெல்லாம் மரத்தூளோடு திரும்பி வந்து, "இன்னிக்கி யாரு கொலகாரன்?" என்று கேட்பான். கொலைகாரன் மாறிய அன்று அவனுக்குச் சுருக்கென்றது.

"முனியா, உனக்கு நெஜமாலுமே இந்தி தெரியுமா? இல்ல, எங்க தலையில மொளகா அரைக்கிறியா?"

"தெரியுங்க தம்பி."

"பொய்யின்னு மட்டும் தெரிஞ்சிது, அப்பறம் இந்த வூட்டு வாசப்படிய மறந்துரு."

சொன்னது சிரித்துக்கொண்டுதான். ஆனால் கையில் அரிவாள் இருந்தது. புறக்கடையில் செவ்வந்தி சேலைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றார்.

7

வாரக் கடைசியில், மரங்களை அறுத்துத் தள்ளிக்கொண்டே ஒரு லாரி வந்தது. வடநாட்டுப் போலீஸ். பூமாலை அவசரமாகச் சட்டையை மாற்றிக்கொண்டு கூடத்தில் வந்து பச்சைக் குழந்தைபோல உட்கார்ந்தான். டிவியில் கடைசிக் கேசட், கொலை நடந்த இரவை மறுபடி காட்டும் இடம். கொஞ்ச நேரத்தில் ஒரு சிப்பாய் வாசலில் நின்று, "பானி" என்றார்.

"தண்ணி கேக்கறாருங்க" என்றார் முனியன். கூடம் பெருமையோடு பார்த்தது. அவருடைய இந்தி சரியாக வேலை செய்தது அந்த வாரத்தில் அந்த ஒரு தடவைதான்.

சிப்பாய் செம்பை வாங்கிக் குடித்தார். குடித்துக்கொண்டே டிவியைப் பார்த்தார். தன் மொழி காதில் விழுந்த சந்தோஷத்தில் அப்படியே உள்ளே வந்துவிட்டார். பூமாலைக்கு மூளை வேலை செய்தது.

"முனியா, கேளு அந்தாள. யாரு கொலகாரன்னு கேளு. இப்பத் தெரிஞ்சிடும்."

இங்கே ஒரு வசதி இருக்கிறது, கவனித்தீர்களா? சிப்பாய் என்ன சொன்னாலும் அது முனியன் வாய் வழியாகத்தான் தமிழாக வேண்டும். தன் வழக்கில் தானே மொழிபெயர்ப்பாளர்! முதல் வரைவில் இதோடு அவரைக் காப்பாற்றி, கதையையும் முடித்துவிட்டேன். எழுதி முடித்ததும்தான் சிப்பாய்க்கு விரல் இருப்பது ஞாபகம் வந்தது.

முனியன் எழுந்து நின்றார். கொலைக்கு இந்தியில் என்னவென்று அவருக்குத் தெரியாது. ஊஞ்சலில் கிடந்த பிணத்தைக் காட்டி, கழுத்தில் கையை இழுத்து, தனக்குத் தெரிந்த 'யார்' என்ற சொல்லைப் போட்டு, "கோன்?" என்றார்.

சிப்பாய் சிரித்தார். கடகடவென்று ஏதோ சொன்னார். ஒரு சொல்லும் முனியனுக்குப் பிடிபடவில்லை. பிறகு சிப்பாய் முன்னால் வந்து, திரையில் விரலை வைத்தார். டாக்டர் மேல் இல்லை. மூலையில் நின்ற பழைய வேலைக்காரர் மேல்.

செம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

பூமாலை முனியனைப் பார்த்தான். நாராயணசாமி முனியனைப் பார்த்தார். முனியன் ஸ்டூலைப் பார்க்காமல், வெளியே போக இடம் தேடினார். அவருக்கு அழுகை வந்தது. அடி விழும் என்பதால் அல்ல. செவ்வந்தி பார்த்துக்கொண்டிருந்தார்.

"உக்கார்றா" என்றார் ஆண்டாளம்மாள். "அவனுக்கு இன்னா தெரியும்? ஒரு தபாதான பாத்தான்."

(அந்த 'றா'வை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். பழனி அதை அழுத்தித்தான் சொன்னார். இருக்கட்டும்.)

"அதான?" என்றார் கொளஞ்சியம்மாள். "கொடைக்கு இன்னா பதிலு சொல்லுவான் அவன்?"

"வேலக்காரன் கொன்னா டாக்டரு ஏன் நனயணும்?" என்று மைத்துனரும் சேர்ந்துகொண்டார். பூமாலை முனியனை விட்டுத் திரையின் பக்கம் திரும்பினான். "ஆமா, கொடை இருக்குதே" என்றான்.

8

மறுநாள் பாதை திறந்தது. பழனி டிவியையும் டெக்கையும் கட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் சின்னசேலம் போய்விட்டார். "அப்பறம் இன்னா ஆச்சின்னு எனக்குத் தெரியாது சார்" என்றார். என் ரயிலும் வந்துவிட்டது.

ஆக, அடுத்த காலை என் தலையில் விழுந்தது. டிவி போன பிறகு முனியன் வழக்கம்போல வேலைக்கு வருகிறார். அவரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு முடிவு எழுதினேன், நானே நம்பவில்லை. அவர் பேசாமல் தொழுவத்துக்குப் போவதாக ஒன்று எழுதினேன். செவ்வந்தியின் முகம் நினைவுக்கு வந்து அடித்துவிட்டேன். மூன்றாவதாக, ஆண்டாளம்மாள்...

என்னால் முடியவில்லை. நீங்கள்தான் அந்தக் கூடத்தில் இத்தனை நேரமும் உட்கார்ந்திருந்தீர்கள், குடையையும் பார்த்தீர்கள், சிரித்தீர்கள். இதோ, விடிந்துவிட்டது. முனியன் புறக்கடையில் வந்து நிற்கிறார். கூடத்தில் அந்த ஸ்டூல் கிடக்கிறது, உங்களைத் தவிர வேறு யாரும் இல்லை. அவர் உங்களைப் பார்த்துவிட்டார்.

சொல்லுங்கள்.