மூன்று மூட்டை போர்சோக்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பிறந்தது ஒரு சாவு வீட்டுச் சாப்பாட்டு விரிப்பில். ஓமுர்பெக் அண்ணனின் நாற்பதாம் நாள். விரிப்பு நிறையப் போர்சோக். எண்ணெயில் பொரித்த மாவுத்துண்டு, அது இல்லாமல் கிர்கிஸ்தானில் எங்கள் நாரின் ஊர்ப்பக்கத்தில் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. எல்லாம் கோணல்மாணலாக, கத்தியால் வெட்டியவை. எதிரே இருந்த புருல்சா அதைப் பார்த்தாள். அவள் முகம் செத்துப்போனதை நான் பார்த்தேன்.

2

முதல் தொடக்கம்: "புருல்சா ஏழை." அடித்துவிட்டேன். இங்கே யார்தான் பணக்காரர்?

இரண்டாவது: "கைப்பிடியைச் சுற்றினால் போதும், மாவு..." விளம்பரம் போல இருக்கிறது. ஆனாலும் மெஷினைச் சொல்லியாக வேண்டும். பழைய டிராக்டர் இரும்பில் சந்தைக் கொல்லர் மலிவாகச் செய்து கொடுத்தது. கரண்ட் வேண்டாம். மேசை விளிம்பில் திருகி மாட்டி, ஒருத்தி சுற்ற, இன்னொருத்தி தேய்த்த மாவை உள்ளே விட்டால், மறுபக்கம் ஒரே அளவுச் சதுரங்களாக விழும். புருல்சாவும் தெருவில் மூன்று பெண்களும் அதில் வெட்டிய போர்சோக்கை விற்றுத்தான் பிழைக்கிறார்கள். ஆகவே மெஷினைத் திட்டும் கதையை என்னிடம் எதிர்பார்க்காதீர்கள்.

3

ஓமுர்பெக்கின் மனைவி சாய்ராகுல், புருல்சாவுக்கு மூத்த ஓரகத்தி. நான்கு வருடமாகப் பேச்சில்லை. [காரணத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்: வைக்கோல் பங்கு, மாமியார் கம்பளம், வாய்தவறிய ஒரு சொல். எதுவும் நான்கு வருடத்தைத் தாங்கவில்லை.]

நல்லதுக்குக் கூப்பிட்டால் போக வேண்டும், கெட்டதுக்குக் கூப்பிடாமலே போக வேண்டும். போவது என்றால் எங்கள் ஊரில் அந்த வீட்டு மாவில் கை வைப்பது. பேசாதவர்களும் மாவைச் சுற்றி உட்காருவார்கள். "அந்தக் கத்திய எடு" என்று யாராவது சொல்ல வேண்டிவரும். எத்தனையோ பகை அப்படித் தீர்ந்திருக்கிறது.

புருல்சாவுக்கு இது தெரியாதா? தெரியும். வாசலிலேயே சாய்ராகுல் முகத்தைத் திருப்பிக்கொண்டால் என்ன செய்வது என்ற பயம், வேறொன்றுமில்லை. அதனால் முந்தின நாள் தன் வீட்டிலேயே மெஷினைச் சுற்றி, மூன்று மூட்டை பொரித்து, கழுதை வண்டியில் அனுப்பினாள். "அக்காவுக்கு ஒரு வேலையும் மிச்சம் வைக்கக் கூடாது" என்று சொல்லிச் சொல்லிப் பொரித்தாளாம், பாவி மகள்.

விருந்து முடிந்து முற்றத்தில் அவளே போய்ப் பேசினாள்.

"அக்கா, நான் அனுப்பினது..."

"உள்ள பத்திரமா இருக்கு. கட்டக்கூட அவுக்கல. எவ்ளோ ஆச்சுன்னு சொல்லு, குடுத்துடறேன்."

"ஐயோ, காசா கேட்டேன்? உனக்குக் கை நோகக் கூடாதுன்னுதானே..."

"நோகட்டுமேடி! ஊரே வந்து என் மாவுல கை வச்சுது. நீ மட்டும் கடைக்குச் சரக்கு போடற மாதிரி அனுப்பிட்ட. என் வாசப்படி உனக்கு அவ்ளோ ஒசரமா?"



4

எனக்கு மனம் ஆறவே இல்லை. அந்த மெஷின் ஒரு ஆள் தூக்கும் கனம்தான். மூட்டையை அனுப்பாமல் மெஷினைத் தூக்கிக்கொண்டு அவளே போயிருந்தால்? பேனா என் கையில்தானே, ஒரே வரியில் மாற்றிவிடலாம். மாற்றியும் பார்த்தேன். பொய்யாக இருந்தது, கிழித்துப்போட்டேன்.

முடிவு ஒன்று: புருல்சா மெஷினை விற்றுவிடுகிறாள். மூன்று பெண்களின் வயிற்றில் அடிக்க எனக்கு மனம் வரவில்லை.

முடிவு இரண்டு: சாய்ராகுல் ஓடி வந்து கட்டிப்பிடித்து... சேச்சே. அவளை உங்களுக்குத் தெரியாது.

5

இன்று வியாழன். இறந்தவர்களுக்கு எண்ணெய் வாசம் போய்ச் சேரட்டும் என்று வீடுதோறும் வாணலி ஏற்றும் நாள். புருல்சா எதையோ சாக்கில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு என் சன்னலைக் கடந்து போனாள். இதுவரை நான் கண்டது. இதற்கு மேல் அவளை அனுப்புவது நான்தான்.

சாய்ராகுல் வீட்டுக் கதவு திறந்திருக்கிறது. புருல்சா கேட்காமலே உள்ளே போய் மெஷினை மேசையில் திருகி மாட்டுகிறாள். கைப்பிடியைப் பிடித்தபடி நிற்கிறாள்.

"அக்கா, இது ஒரு ஆளு சுத்தினா ஆகாது."

அடுப்புப் பக்கம் திரும்பி மாவு பிசைந்துகொண்டிருந்த சாய்ராகுலின் கை நிற்கிறது.

அவள் திரும்பினாளா என்று எழுத எனக்குத் தைரியம் இல்லை. உங்களுக்கும் பேசாத ஒருவர் இருப்பார். அவரை நினைத்துக்கொண்டு அடுத்த வரியை நீங்கள் எழுதுங்கள். மாவு காய்வதற்குள் எழுதுங்கள்.