நாலாயிரத்து நூற்றுப் பதினெட்டாவது வரி

லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனி மேனேஜருக்கு அவள் யாரென்று தெரியாது. பழுதான டேட்டாபேஸ் கோப்புகளைச் சரிசெய்பவள் என்று யாரோ சொல்ல, போன் போட்டு வரவழைத்திருந்தார்.

"புது சாஃப்ட்வேருக்கு மாத்துறப்ப பாதியில நின்னுடுச்சும்மா. இப்ப பழசும் திறக்கல, புதுசும் திறக்கல. பன்னெண்டு வருஷத்து லிஃப்ட் சோதனைப் பதிவு மொத்தமும் அதுலதான். நாளன்னிக்கு அதிகாரிங்க பார்க்க வர்றாங்க."

அவளுக்கு இந்தக் குரல் தெரியும். மூன்று வருடங்களுக்கு முன் தம்பி போனை ஸ்பீக்கரில் போட்டபோது கேட்டது.

தம்பி இங்கே மெக்கானிக்காக இருந்தான். ஒரு குடியிருப்பில் லிஃப்ட் இரண்டு மாடி சரிந்து, உள்ளே இருந்த பெண்ணுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. கம்பி வடம் பழுதென்று முந்தின வாரமே பதிவு செய்ததாகத் தம்பி தலையிலடித்துக்கொண்டு சொன்னான். "எழுதினேன் எழுதினேன்னா வரி எங்கடா? காட்டு பார்ப்போம்" என்றது இந்தக் குரல். வரி இல்லை. வேலை போயிற்று. அதன்பின் எந்தக் கம்பெனியும் அவனை வாசற்படி ஏற்றவில்லை. இப்போது ஒரு கிடங்கில் பார்சல் பிரிக்கிறான்.

"உங்களுக்கு எல்லாமே வேணுமா சார்?" என்று கேட்டாள்.

"பின்ன? ஒரு வரி விடக்கூடாது."

"அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க. நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது பாருங்க."

யோசிக்காமல் போட்டுக் கொடுத்தார்.

கோப்புகளை நகலெடுத்து, நகலில் மட்டும் கை வைத்தாள். நொறுங்கியிருந்தது வரிகளைத் தேடியெடுக்க உதவும் பட்டியல்தான், அடியில் வரிகள் பத்திரமாக இருந்தன. அந்தப் பழைய சாஃப்ட்வேரில் நீக்கிய வரி உண்மையில் போய்விடாது. நீக்கியதாக ஒரு குறி விழும், திரையில் தெரியாது, அவ்வளவுதான். அதை நம்பித்தான் அவள் இந்த வேலைக்கே ஒப்புக்கொண்டாள்.

மதியத்துக்குள் கிடைத்துவிட்டது. நாலாயிரத்து நூற்றுப் பதினெட்டாவது வரி. தம்பியின் பணியாள் எண். 'கம்பி வடத்தில் இழை பிரிந்துள்ளது. லிஃப்டை உடனே நிறுத்தவும்.' விபத்துக்கு எட்டு நாள் முந்தைய தேதி. நீக்கியது விபத்துக்கு மறுநாள் காலை. நீக்கியவர், மேனேஜர்.

பக்கத்து அறையில் அவர் போனில் யாரிடமோ சிரித்துக்கொண்டிருந்தார். சிரி, நல்லா சிரி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். எழுந்து போய் முகத்தில் துப்பிவிடலாம். ஆனால் எச்சில் துடைத்தால் போய்விடும். இவருக்குத் துடைக்க முடியாதது வேண்டும்.

மறுநாள் காலை, சரிபார்க்க என்று சொல்லி எல்லாரையும் கூட்டச் சொன்னாள். முதலாளியம்மா முன்வரிசையில், மெக்கானிக்குகள் சுவரோரமாக. பெரிய திரையில் பதிவுகள் ஓடின.

"நீக்கின வரியையும் சேத்துத்தான் எடுத்திருக்கேன். ஒண்ணு விடக்கூடாதுன்னு சார் எழுதியே குடுத்தாரு" என்று அந்தத் தாளை முதலாளியம்மா முன் வைத்தாள். "பன்னெண்டு வருஷத்துல நீக்கினது ஒண்ணே ஒண்ணுதான். சிவப்புல இருக்கு. சார், நீங்களே படிச்சிடுங்க."

மேனேஜரின் முகம் வெளிறியது. "அது... மாத்துறப்ப ஏதோ கோளாறுல வந்திருக்கும்."

"கோளாறுக்கு உங்க பாஸ்வேர்ட் தெரியுமா சார்?"

"படிங்க" என்றார் முதலாளியம்மா.

படித்தார். 'உடனே நிறுத்தவும்' என்று முடித்துத் திரையிலிருந்து கண்ணை எடுத்தார். "நீக்கினவர் பேரையும் படிங்க சார்" என்றாள். அதையும் படித்தார். மெக்கானிக்குகளில் மூத்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"யாரும்மா நீ?" என்றார் மேனேஜர்.

"இந்த வரியை எழுதினவனோட அக்கா."

முதலாளியம்மா அங்கேயே மேனேஜரிடமிருந்து சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டு, போலீஸுக்குப் போன் போட்டார். இடுப்பெலும்பு முறிந்த பெண்ணின் வக்கீலுக்கும் ஒரு நகல் போயிற்று. அதை யாரும் அனுப்பச் சொல்லவில்லை, அவளாகவே அனுப்பினாள்.

சாயங்காலம் கிடங்கு வாசலில், அந்த வரியை அச்சடித்த தாளைத் தம்பியிடம் நீட்டி, மேனேஜரையே எல்லார் முன்னாலும் படிக்கவைத்ததைச் சொன்னாள். அவன் மூன்று தடவை படித்தான். நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான்.

"எழுதியிருக்கேன்க்கா. நான்தான் மறந்துட்டேனோன்னு போன வருஷத்துலேர்ந்து நினைச்சுட்டிருந்தேன்."

"நானும் ஒருநாள் கேட்டேன்டா, நல்லா ஞாபகப்படுத்திப் பாருன்னு."

"ஆமா, கேட்ட."

பரவாயில்லை என்று அவன் சொல்லவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நகர்ந்து இடம்விட்டான்.

"படிக்கிறப்ப அந்தாளு மூஞ்சி எப்படியிருந்துச்சு? மொதல்லேர்ந்து சொல்லு."

பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்று விடாமல் சொல்ல ஆரம்பித்தாள்.