உணவுக்குழாயில் ஒரு குரல்

பேருந்து நிலையத்தில் அவருக்கு மைக்செட் என்று பெயர். எந்த வண்டி எந்த மேடையிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று இருபத்தேழு வருடங்கள் அறிவித்தவர். மின்சாரம் போனால் ஒலிபெருக்கிதான் நிற்கும், அவர் நிற்கமாட்டார். அறிவிப்பு அறையின் சன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டிக் கத்துவார். கடைசி மேடையில் தூங்கிக்கொண்டிருப்பவர்கூட மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவார்.

அந்தக் குரல் ஒரு மழைக்காலத்தில் கரகரத்தது. சளி என்றுதான் நினைத்தார். மூன்று மாதமாகியும் விடவில்லை. பரிசோதித்தால், குரல்வளையில் புற்றுநோய். அறுவை மருத்துவர் ஸ்கேன் உறையின் பின்பக்கத்தில் பேனாவால் இரண்டு குழாய்களை வரைந்தார்.

"முன்னால இருக்கறது மூச்சுக்குழாய், பின்னால இருக்கறது உணவுக்குழாய். மேல தொண்டையில ரெண்டுக்கும் ஒரே வழிதான். மூச்சுக்குழாயோட உச்சியில உட்கார்ந்திருக்கு பாருங்க, இதுதான் குரல்வளை. இதை முழுசா எடுத்துடுவோம். மூச்சுக்குழாயோட வாயைக் கழுத்துல வெளியே திறந்து வெச்சுடுவோம். அப்புறம் மூச்சு கழுத்து வழியா, சாப்பாடு வாய் வழியா. ரெண்டுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல."

"பேச்சு?" என்று கேட்டாள் மனைவி.

மருத்துவர் பேனாவை மூடினார். "உயிர் இருக்கும்மா. பேச்சுக்கு வேற வழி பார்ப்போம்."

உயிர் இருந்தது. கழுத்தின் அடியில் ஒரு சட்டைப் பொத்தானைவிடச் சற்றுப் பெரிய துளை, அதன்மேல் மெல்லிய துணி. இருமல் வந்தால் பழைய பழக்கத்தில் கை வாய்க்குப் போகும். இருமல் கழுத்தில் வந்து தெறிக்கும். மூக்கில் காற்று ஏறாததால் பால் தீய்ந்தாலும் தெரியவில்லை. டீயை ஊதிக் குடிக்க முடியவில்லை. வாயில் ஊத மூச்சே இல்லையே. மனைவி இரண்டு டம்ளர்களில் மாற்றி மாற்றி ஆற்றிக் கொடுத்தாள். சொல்ல வேண்டியதையெல்லாம் ஒரு சிலேட்டில் எழுதிக் காட்டினார். அவர் எழுதி முடிப்பதற்குள் அவள் வேறு பேச்சுக்குப் போயிருப்பாள்.

வீட்டுக்கு வந்த இரண்டாவது வாரம் துளையில் சளி அடைத்துக்கொண்டது. மூச்சு திணறியது. ஆம்புலன்ஸில் வந்த உதவியாளர் பதற்றத்தில் ஆக்சிஜன் முகமூடியை எடுத்து அவர் மூக்கிலும் வாயிலும் அழுத்தி மாட்டினார். மைக்செட் கழுத்தைக் காட்டினார். "அசையாதீங்க ஐயா, ஒண்ணும் ஆகாது" என்று உதவியாளர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையைத் தட்டிவிட்டு முகமூடியைக் கழுத்துக்கு இழுத்தவள் மனைவிதான். அன்று இரவெல்லாம் அவர் சிலேட்டைத் தொடவே இல்லை. மறுநாள் காலை எழுதினார்: 'நீ இல்லாத நேரமா இருந்தா?'

அதைப் படித்த கையோடு அவள் பேச்சுப் பயிற்சி தரும் இடத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனாள்.

பயிற்சியாளர் அவர் மகள் வயதுப் பெண். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தாள்.

"ஐயா, குரல்நாண் போயிடுச்சு. ஆனா நாக்கு இருக்கு, பல்லு இருக்கு, உதடு இருக்கு. வார்த்தையைச் செதுக்கறது இதெல்லாம்தான். சத்தம் மட்டும்தான் வேணும். வாயில இருக்கற காத்தை நாக்கால அழுத்தி உணவுக்குழாய்க்குள்ள தள்ளுங்க. வயித்துக்கு விடாம உடனே மேல கொண்டு வாங்க. குழாயோட மேல்பக்கம் அதிரும். அதுதான் இனி உங்க குரல். எளிமையா சொன்னா, ஏப்பம்."

மனைவி சிரித்துவிட்டாள். "முப்பது வருஷமா சாப்பிட்டதும் ஏப்பம் விடாதீங்கன்னு தலையில அடிச்சுக்கிட்டேன். இப்ப ஏப்பம் விடுங்கன்னு கெஞ்சணுமா?"

கெஞ்சத்தான் வேண்டியிருந்தது. தள்ளிய காற்றெல்லாம் நேராக வயிற்றுக்குப் போனது. ஐந்து வாரம் வயிறு உப்பியதுதான் மிச்சம். ஆறாவது வாரம், அவள் குழம்பில் உப்பை இரண்டு முறை போட்டுவிட்ட ஒரு மதியம், தட்டைத் தள்ளி வைத்து நிமிர்ந்தவரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. "பா!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "இன்னொரு தடவை" என்றாள். வந்தது. உப்புக் குழம்பு அப்படியே கிடந்தது. அன்று சாயங்காலத்துக்குள் பா, தா, கா மூன்றும் கைவசம். அடுத்த வாரம் பாப்பா, தாத்தா.

"பேரப்பிள்ளை இல்லையேன்னு நான் ஏங்கினதுக்கு நீங்களே மழலை பேசறீங்களா?" என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இந்தத் தைரியத்தில் அவர் தனியாகக் கடைக்குப் போனார். கடைக்காரர் முன் நின்று காற்றைத் தள்ளி, கழுத்தை இறுக்கி, "கா... பி..." என்றார். கடைக்காரர் பதறிப்போய், "யோவ், வாந்தி எடுக்கறதா இருந்தா அந்தப் பக்கம் போய்யா!" என்று தோளைப் பிடித்துத் தள்ளினார். மைக்செட் காப்பித்தூள் வாங்காமல் திரும்பி வந்தார். அதற்குப்பிறகு வீட்டை விட்டு வெளியே அவர் வாய் திறக்கவில்லை. சிலேட்டு மறுபடியும் கைக்கு வந்தது. வீட்டுக்குள் மட்டும் பயிற்சி தொடர்ந்தது.

இரண்டு மாதம் கழித்துப் பயிற்சியாளர் ஒரு வேண்டுகோளோடு வந்தாள். செவிலியர் கல்லூரியில் முதலாண்டுப் பிள்ளைகளுக்குச் சுவாச மண்டலம் நடக்கிறது. பொம்மையைக் காட்டிப் பாடம் நடத்துவதைவிட இவரைக் காட்டினால் மனதில் நிற்கும். "நீங்க ஒரு வார்த்தை பேச வேண்டாம் ஐயா. சும்மா உட்கார்ந்தா போதும். நான் விளக்கிடறேன்."

போகலாம் என்று தலையாட்டினார். மனைவியும் கூட வந்தாள்.

வகுப்பில் நாற்பது பேர். மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் உடல். நெஞ்சைத் திறந்து நுரையீரல், இதயம் எல்லாவற்றையும் கழற்றி வரிசையாக வைத்திருந்தார்கள். உடற்கூறு ஆசிரியை அதன் தொண்டையிலிருந்து குரல்வளையைப் பிடுங்கி எடுத்தார். "இந்த ஐயாவுக்கு இது இல்ல. அப்படீன்னா காத்து எப்படிப் போகும்?" பாதி வகுப்பு மூக்கு என்றது, மீதி வாய் என்றது.

ஆசிரியை அவரைப் பார்த்தார். மைக்செட் மூக்கை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்து, வாயையும் மூடிக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தார். கடைசி வரிசைப் பையன் ஒருவன் போட்டிக்குத் தானும் மூக்கைப் பிடித்தான். நாற்பதாவது நொடியில் முகம் சிவந்து தோற்றான். மைக்செட் இரண்டு நிமிடம் முடிந்ததும் விரலை எடுத்து, புருவத்தை உயர்த்திக் காட்டினார். வகுப்பு கைதட்டியது. கழுத்துத் துணி மெல்ல உள்ளே போய் வெளியே வருவதை அப்போதுதான் கவனித்தார்கள்.

"சரி. இவர் மூச்சுத் திணறி மயங்கிட்டார்னு வெச்சுக்குங்க. யார் ஆக்சிஜன் கொடுக்கறது?"

முதல் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். வகுப்பில் அவள்தான் முதல் என்பது அவள் நடையிலேயே தெரிந்தது. முகமூடியை எடுத்தாள், மூக்கையும் வாயையும் மூடினாள், நாடாவைக் காதுக்குப் பின்னால் இழுத்துவிட்டாள். காற்று கசியாமல் கச்சிதமாக உட்கார்ந்தது. "ஆச்சு மேடம்."

ஆசிரியை வகுப்பைப் பார்த்தார். "சரியா?"

"சரி!" என்று நாற்பது குரல்.

இரண்டு நிமிடத்துக்கு முன்னால் எல்லாவற்றையும் பார்த்த பிள்ளைகள்தான். ஆனாலும் பழகிய கை பழகிய இடத்துக்கே போயிருந்தது. பயிற்சியாளர் விளக்கம் சொல்ல எழுந்தாள். மைக்செட் முகமூடியைக் கழற்றி மடியில் வைத்தார். அவளைப் பார்த்து உட்காரும்படி கை காட்டினார். நாக்கால் காற்றை அழுத்தித் தள்ளினார்.

"தப்பு."

அந்தச் சத்தம் தவளையிடமிருந்தோ, மரக்கதவிலிருந்தோ வந்தது போலிருந்தது. ஆனால் வார்த்தை தெளிவு.

இன்னொரு முறை காற்று உள்ளே போனது. "கழுத்துக்குப் போடு."

அந்தப் பெண் முகமூடியை எடுத்துத் துளைமேல் வைத்தாள். "இப்ப சரியா சார்?"

"இப்ப... பொழைச்சுக்கிட்டேன்."

சிரிப்பும் கைதட்டலும் ஒன்றாக வெடித்தன. அவர் கையை உயர்த்தினார், அடங்கினார்கள். ஒரு கூட்டத்தை அடக்கி எத்தனை மாதமாகிறது! "ஒரு தடவை... தப்பாப் போட்டாங்க. செத்திருப்பேன். அதோ, அவதான்... காப்பாத்தினா." நாற்பது தலைகள் திரும்பின. பின்வரிசையில் மனைவி முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டாள். வீட்டில்கூட அவர் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை.

பிறகு கேள்விகள் வந்தன. சத்தம் எங்கேயிருந்து வருகிறது? "சாப்பாட்டுக் குழாய்." குளிக்கும்போது? "கழுத்துல தண்ணி படக் கூடாது. பட்டா... நேரா நுரையீரல்." மூக்கைப் பிடித்துத் தோற்ற பையன் எழுந்தான். "சார், பாட்டு வருமா?"

"முன்னாடியும்... வராது."

"புரையேறுமா சார்?" என்றாள் இன்னொருத்தி.

"எப்படி ஏறும்? ரெண்டும் தனித்தனி."

"யார் நினைச்சாலும் ஏறாதா?"

"நான் நினைச்சாலும் ஏறாது!" என்று பின்வரிசையிலிருந்து மனைவி சொன்னாள். கூரை பறக்கிற மாதிரி சிரித்தார்கள்.

மணி அடித்தும் யாரும் எழவில்லை. அடுத்த வகுப்பு வாத்தியார் வாசலில் வந்து நின்று, தானும் கேட்க ஆரம்பித்தார். பயிற்சியாளர் ஒரு மூலையில் நின்று ஒவ்வொரு வாக்கியத்திலும் எத்தனை வார்த்தை என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். முகமூடி மாட்டிய அந்தப் பெண், எல்லோரும் போன பிறகு அவரிடம் வந்தாள்.

"என் மேல கோபமா சார்?"

"இல்லம்மா. இனிமே தப்பாப் போடுவியா?"

"சத்தியமா மாட்டேன்."

ஆசிரியை அடுத்த பிரிவு மாணவர்களுக்கும் வரச் சொன்னார். அதற்கடுத்து ஆம்புலன்ஸ் உதவியாளர்களின் பயிற்சி வகுப்பு இருக்கிறதாம், அதற்கும் வர முடியுமா என்றார். மைக்செட் சிலேட்டைத் தேடவில்லை. "எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல் தொலைபேசியை எடுத்தார். வெளியூரில் இருக்கும் அக்காவின் எண்ணை அழுத்தினார். எட்டு மாதமாக அக்கா அவர் மனைவியிடம்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

"அலோ, யாரு?"

"நான்தான்."

"நான்தான்னா யாரு? சரியா கேக்கல."

மைக்செட் காற்றைத் தள்ளினார். "உன் தம்பி... பேசறேன்."

மறுமுனையில் அக்கா ஓ என்று அழும் சத்தம். அழுகைக்கு நடுவிலேயே, "என்னடா குரல் இது, கட்டை வண்டி ஏறி இறங்கின மாதிரி!" என்றாள்.

"இருக்கட்டும்" என்றார் அவர். "நல்லாக் கேக்குதா?"

"கேக்குதுடா, நல்லாக் கேக்குது. பேசு, பேசிக்கிட்டே இரு" என்றாள் அக்கா. அவர் சுவரோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு, சாவகாசமாக உட்கார்ந்தார்.