பரமசிவத்தின் ஜனவரி முறை

1960 ஜனவரியில் சிங்கப்பூர் நோரிஸ் ரோட்டு மாடி மெஸ்ஸில் சமையல் முறை பரமசிவத்துடையது. அவர் வயிற்றிலோ பன்னிரண்டு தையல்.

அந்த மாடியில் ஐந்து ஆண்கள் கூடி மெஸ் நடத்தி வந்தார்கள். ஆளுக்கு இருபத்திரண்டு வெள்ளி, அதாவது அந்த ஊர் டாலர், போட்டு, மாதம் ஒருவர் முறை வைத்துச் சமைப்பது வழக்கம். நூற்றுப் பத்து வெள்ளிக்கு மேல் செலவு போனால் முறைக்காரர் தன் பையிலிருந்து கொடுக்க வேண்டும். ஒருவர் முறையில் மற்றவர் அடுப்படிக்குள் கால் வைக்கக்கூடாது என்று ஒரு சட்டமும் இருந்தது. ஒரு தீபாவளிக்கு, பெருங்காயம் கூடவா குறைச்சலா என்று தொடங்கிய பேச்சு சட்டையைப் பிடிக்கும் வரை போனதால் வந்த சட்டம் அது.

பரமசிவம் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோப்பவர். டிசம்பரில் திடீரென்று வயிற்று வலி வந்து, ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்து அனுப்பினார்கள். கனம் தூக்கக்கூடாது, அம்மி பக்கம் போகக்கூடாது, பத்து நிமிஷத்துக்கு மேல் நிற்கக்கூடாது, மாடிப்படி ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் ஏற வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அரைச் சம்பளத்தில் விடுப்பு கிடைத்தது. காலையில் குளிக்கக் கீழே போய் வந்தால் அன்றைய படி தீர்ந்தது. அப்புறம் தேக்கா சந்தைக்கு யார் போவது?

மெஸ்ஸுக்கு மூத்தவர் தங்கராஜு. மாயவரத்துக்காரர், நல்ல மனிதர். "பேசாம படுங்க பரமசிவம். சமைக்க ஒரு ஆள வெச்சுக்குவோம். உங்க பங்கையும் சேர்த்து நாங்க நாலு பேரும் பார்த்துக்கறோம் லா" என்றார், அந்த ஊர்ப் பேச்சின் 'லா'வைச் சேர்த்து.

பரிவாகத்தான் சொன்னார். அதுதான் பரமசிவத்துக்குப் பொறுக்கவில்லை. பதினெட்டு வருஷம் தன் காசில் சாப்பிட்டவர் இனி நான்கு பேர் காசில் உண்டு, அவர்கள் 'பாவம்' என்று பார்ப்பதையும் சேர்த்து விழுங்க வேண்டும். அவரால் ஆகாது. ஜோகூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் சித்தப்பா மகன் இருந்தான். இந்த மாத முறையைத் தொகைக்குள் முடிக்க முடியாவிட்டால் வேலையையும் விட்டுவிட்டு அங்கே போய்விடுவது என்று மனசுக்குள் முடிவு கட்டினார்.

"என் முறைய நானே பார்த்துக்கறேன் அண்ணே" என்று மட்டும் சொன்னார்.

முதல் நாளே ஒரு கூடையில் கயிற்றைக் கட்டித் தெருப் பக்கத்து ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சந்தை கலையும் நேரத்தில் சீனக் காய்கறிக்காரி ஒருத்தி காவடித் தட்டோடு அந்த வழியாகத்தான் வீடு திரும்புவாள். தெருவே அவளை ஆ சோ என்று கூப்பிடும். விற்காமல் மிஞ்சிய கீரை வாடி நிற்கும், கத்தரிக்காய் முகம் சுருங்கியிருக்கும். வீட்டுக்குச் சுமந்து போவதைவிட வந்த விலைக்குத் தள்ளிவிடத்தான் அவளுக்கு ஆசை.

"பெராப்பா?" என்று பரமசிவம் மேலேயிருந்து மலாயில் விலை கேட்பார்.

"லீமா புலோ சென்!" ஐம்பது காசாம்.

"மஹால் லா!" விலை ரொம்ப அதிகம் என்று நெஞ்சில் கை வைத்துக்கொள்வார். அவர் முகத்தைப் பார்த்தால் ஐம்பது காசுக்கு உயிரே போய்விடும் போலிருக்கும். முப்பதில் பேரம் படிந்து, காசு இறங்கும், காய் ஏறும். தையலுக்கு வலிக்காமல் கூடையை மெல்ல மெல்ல இழுப்பார். இதைப் பார்க்கவே எதிர்வரிசை வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வருவார்கள்.

அடுத்தது அரைக்கிற பிரச்சினை. அரிசி, கரி கொண்டுவரும் கடைப் பையனிடமே மெஷினில் அரைத்த மசாலாத் தூளும் வாங்கிக்கொண்டார். திங்களும் வியாழனும் கரி அடுப்புப் பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்து, சின்ன வெங்காயத்தையும் தக்காளியையும் எண்ணெயில் வதக்கி, புளியும் தூளும் போட்டு ஒரு பெரிய சட்டி நிறையச் சுண்ட வைப்பார். மற்ற நாள்களில் அதில் இரண்டு கரண்டி எடுத்து, அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றி, கையில் கிடைத்ததைப் போட்டுக் கொதிக்க விடுவார். ஒரே எழுத்துகளைக் கலைத்துப் புதிது புதிதாகச் சொல் கோப்பவருக்கு இது என்ன பெரிய வித்தை.

பலன்தான் யாரும் எதிர்பாராதது. செவ்வாயன்று நெத்திலிக் கருவாடு போட்டார். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் சேதுபதி இரண்டு தட்டு சோறு தின்றுவிட்டு, "இது எங்க ராம்நாட்டுக் குழம்பு லா!" என்று தொடையைத் தட்டினான். புதனன்று பருப்பும் கத்தரிக்காயும். "மாயவரத்துல எங்க அக்கா கை இப்படித்தான்" என்று தங்கராஜு கண்ணை மூடினார். வெள்ளிக்கிழமை கறி தொடாத சூசைநாதனுக்காக உப்பு மீன். "நாகப்பட்டினம் வாசனை அடிக்குது அண்ணே" என்றான் அவன். பாலகிருஷ்ணன் சிங்கப்பூரிலேயே பிறந்தவன். அவன் பங்குக்கு, சிராங்கூன் ரோட்டுக் காப்பிக்கடைக் குழம்பேதான் இது என்று சத்தியம் செய்தான். யாருடைய ஊர்க் குழம்பு என்று தினமும் சண்டை. பரமசிவம் எல்லோருக்கும் தலையாட்டிவிட்டுச் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்குவார்.

இருபத்தேழாம் தேதி பையில் மூன்று வெள்ளி நாற்பது காசு மிச்சம் இருந்தது. மாதம் முடிய நான்கே நாள். அரிசி இருக்கிறது, கரி இருக்கிறது, ஆ சோ இருக்கிறாள். தாராளமாகப் போதும். அன்றைக்கு ஆ சோ காசைத் திருப்பிக் கூடையிலேயே போட்டு, கீரையோடு இரண்டு ஆரஞ்சுப் பழமும் வைத்து அனுப்பினாள். தன் பேரத் திறமைக்கு அவளே மயங்கிவிட்டாள் என்று பரமசிவம் மீசையைத் தடவிக்கொண்டார்.

மறுநாள் விடிந்ததும் பட்டாசுச் சத்தம் காதைப் பிளந்தது. சீனப் புத்தாண்டு! நேற்று வந்த ஆரஞ்சு பண்டிகைக்குக் கொடுத்தது. பதினெட்டு வருஷம் இந்த ஊரில் இருந்தவருக்குத் தெரியாத பண்டிகையா? ஆனால் ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தவருக்குக் கிழமையே நினைவில் இல்லை. இனி மூன்று நாள் ஆ சோ வர மாட்டாள், சந்தையும் பாதி மூடிக் கிடக்கும், இருக்கிற காய் இரட்டை விலை. போதாததற்கு இரண்டு நாள் விடுமுறை. பெருநாள் சாப்பாடு வரும் என்று நான்கு பேரும் குளித்து முழுகி வெளிக்கூடத்தில் காத்திருந்தார்கள். பரமசிவத்துக்கோ காலையில் சட்டி வதக்கியதிலேயே உடம்பும் ஓய்ந்துவிட்டது. பலகையை விட்டு எழுந்திருக்க முடியவில்லை.

நேரம் போயிற்று. சத்தமே காணோமே என்று பயந்துபோன தங்கராஜு, சட்டத்தை மறந்து அடுப்படிக்குள் நுழைந்தார். "என்ன பரமசிவம், ஒடம்புக்கு என்ன?" என்று குனிந்தவர் கண்ணில் சட்டி பட்டது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். மறுபடியும் வைத்தார்.

"இது எங்க அக்கா குழம்பு மாதிரில்ல இருக்கு?" என்றவர் யோசித்தார். "ஆனா, சேதுபதி குழம்பு மாதிரியும் இருக்கே!"

குட்டு உடைந்தது. பரமசிவம் எதையும் மறைக்கவில்லை. "ஒரே சட்டிதான் அண்ணே. மாசம் பூரா. அரைக்கத் தெம்பில்ல, வாங்கக் காசில்ல. இன்னிக்கி எந்திரிக்கவும் முடியல. நான் தோத்துட்டேன்" என்று கரண்டியைக் கீழே வைத்தார்.

மற்ற மூவரும் வாசலில் வந்து நின்றார்கள். சேதுபதி சட்டியைப் பார்த்தான், தங்கராஜுவைப் பார்த்தான்.

"அப்போ ஒரு மாசமா நான் மாயவரத்துக் குழம்பையா தின்னேன்?"

முதலில் சிரித்தது சூசைநாதன். அப்புறம் அந்த மாடியே குலுங்கியது. தையலைக் கையால் பிடித்துக்கொண்டு பரமசிவமும் சிரித்தார். வலித்தது, சிரித்தார்.

ஆனால் ஊர் மானம் என்று ஒன்று இருக்கிறதே! அசல் ராம்நாட்டுக் குழம்பு என்னவென்று காட்டுகிறேன் என்று சேதுபதி கைலியை மடித்துக் கட்டினான். மற்றவர்கள் விடுவார்களா? காசு போட்டுக் கோழி வாங்கலாமே என்றான் பாலகிருஷ்ணன். பரமசிவத்துக்கு எங்கிருந்துதான் குரல் வந்ததோ. "ஒரு காசு வெளிய போகக்கூடாது! இது என் முறை. வீட்டுல இருக்கறத வெச்சுத்தான் செய்யணும். ஆளுக்கு ரெண்டு கரண்டி மசாலா, ரெண்டு வெங்காயம். அவ்வளவுதான்."

பலகையில் உட்கார்ந்தபடியே அவர் பங்கு பிரித்தார். நேற்றைய கீரை ஒருவருக்கு, டப்பா அடியில் கிடந்த கருவாடு ஒருவருக்கு, ஒரு பிடி பருப்பு ஒருவருக்கு, கடைசி இரண்டு முட்டை பாலகிருஷ்ணனுக்கு. அம்மிக் குழவி உருண்டது, நால்வரும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள், உப்பை இரண்டு பேர் இரண்டு தடவை போட்டார்கள். "அத அரிசித் தண்ணி ஊத்தி எறக்கு. நீ வெங்காயத்த இன்னும் வதக்கு. யோவ், எண்ணெய்ய வைய்யா கீழே!" என்று பரமசிவம் அதட்டிக்கொண்டே இருந்தார். மூன்று மணிக்கு நான்கு குழம்போடு இலை போட்டார்கள். எந்தக் குழம்பு வென்றது என்ற வழக்கு இரவு வரை தீரவில்லை. அவ்வளவு சந்தோஷமாக அந்த மாடியில் யாரும் சாப்பிட்டதில்லை.

மாதக் கடைசியன்று மெஸ் கூடியது. ஒரு வெள்ளி இருபது காசு மிச்சம். தங்கராஜு அதை மெஸ் காசுப் பெட்டியில் போட்டுப் பூட்டினார். சேதுபதி எழுந்து நின்றான். அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு இரண்டிரண்டு படியாய்த் தாவுகிறவன், பரமசிவத்தின் முன்னால் பள்ளிக்கூடப் பையன் மாதிரி கையைப் பிசைந்தான்.

"பிப்ரவரி என் முறை அண்ணே. போன தடவ முப்பது வெள்ளி கையவிட்டுப் போச்சு. எனக்கு வாங்கத் தெரியல லா, பிரிக்கத் தெரியல. நீங்க உக்காந்து சொல்லுங்க, நான் நின்னு செய்யறேன். நீங்க மாட்டேன்னா எனக்கு வேற வழியில்ல."

"அப்போ மார்ச்சுக்கு நான் சொல்லி வெச்சுட்டேன்" என்றான் சூசைநாதன் அவசரமாக.

பரமசிவம் அவர்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பரிதாபத்தைத் தேடினார். ஒன்றில்கூட அது இல்லை. நான்கு பேரும் அவர் என்ன சொல்லப் போகிறாரோ என்ற கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கண் நிறைந்துவிட்டது, துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

"சரி, சொல்லித் தர்றேன்" என்றார். "ஆனா மூக்க நுழைக்காம கேக்கணும். ஆளுக்கு ஆள் உப்புப் போட்டீங்கன்னா நான் எந்திரிச்சுப் போய்டுவேன்!"